தகுதி பேசும் வாத்தியார்களுக்கு என்ன தகுதி?

1

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுக்க இந்த நாட்டில் பயிற்சி வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் பட்டயப் பயிற்சி. உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு பி.எட். அந்த பி.எட்.டும் 2015லிருந்து இரண்டு வருஷப் படிப்பு. லாரி ஓட்ட லைசென்சு. ஊசி போட நர்சிங் படிப்பு. நான் வங்கியில் குமாஸ்தா. காசாளர் கூண்டுக்குள் உட்கார விடுவதற்கு முன்னால் என்னையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கள்ள நோட்டை எப்படிக் கண்டுபிடிப்பது, கிழிந்த நோட்டுக்கு என்ன விதி, கையெழுத்துப் போடத் தெரியாத ஆயாவிடம் எப்படிக் கைநாட்டு வாங்குவது என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்கில் குறைந்தால் கைக்காசு கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான்.

கல்லூரி வாத்தியாருக்கு?

முதுகலைப் பட்டம் வேண்டும். நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வு வேண்டும். பிஎச்.டி. இருந்தால் கூடுதல் மரியாதை. அவ்வளவுதான். எதிரில் உட்கார்ந்திருக்கிற அறுபது பேருக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று ஒரு நாள் பயிற்சிகூட முன்நிபந்தனை கிடையாது. நெட் தேர்வின் முதல் தாளில் 50 கேள்விகள். அதில் 'கற்பித்தல் திறன்' என்ற தலைப்புக்கு 5 கேள்வி, 10 மதிப்பெண். நாலு விடையில் ஒன்றைத் தொட்டால் போதும். இந்தப் பத்து மதிப்பெண்ணில் சைபர் வாங்கினவர்கூட மற்றதில் மதிப்பெண் வாங்கி உதவிப் பேராசிரியர் ஆகலாம். ஆகி, முப்பது வருஷம் வகுப்பறையில் நிற்கலாம். நின்று, 'ரிசர்வேஷன்ல வந்ததுகளால தரம் போச்சு' என்று ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பேசலாம்.

கற்பிக்கவே படிக்காத ஒருவர், கற்க வந்த பிள்ளைக்குத் தகுதி இல்லை என்று தீர்ப்பு எழுதுகிறார். இந்த அநியாயத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

'விஷயம் தெரிந்தவனுக்குச் சொல்லித்தரத் தெரியாதா?' என்று கேட்பார்கள். கேட்பவர்கள் நல்லவர்களாகவும் இருப்பார்கள். இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

குருகுலத்தில் கற்பித்தல் முறை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. குருவும் சீடனும் ஒரே அக்கிரகாரம். குரு பேசுகிற மொழி சீடன் வீட்டு மொழி. சீடன் தாத்தா சொன்னதைத்தான் குருவும் சொல்கிறார். ஏற்கெனவே பாதி தெரிந்தவனுக்கு மீதியைச் சொல்வதற்குப் பெயர் கற்பித்தல். பாதிகூடத் தெரியாமல் வருகிறவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே 'இவனுக்கு எப்படிப் புரிய வைப்பது' என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

வெள்ளைக்காரன் வந்தான். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊரிலும் பல்கலைக்கழகம் வைத்தான். லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்த அச்சு. அந்தப் பல்கலைக்கழகங்கள் பாடம் நடத்தவில்லை. பரீட்சை வைத்தன, பட்டம் கொடுத்தன. பாடம் நடத்துவது கீழே இருக்கிற கல்லூரிகளின் பாடு. கல்லூரி என்ன செய்யும்? பரீட்சைக்கு நோட்ஸ் கொடுக்கும். குருகுலத்தின் திமிரும் பரீட்சை மிஷினும் கூடிப் பெற்ற பிள்ளைதான் நம்முடைய கல்லூரி வகுப்பறை. வாத்தியார் வாசிப்பார், மாணவன் எழுதுவான், வடிகட்டுகிற வேலையைப் பரீட்சை பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கோளாறை நம்மிடமிருந்து ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டார். 1920களின் நடுவில் பம்பாய்ப் பல்கலைக்கழகச் சீர்திருத்தக் குழு கேட்ட கேள்விகளுக்கு அம்பேத்கர் எழுத்தில் பதில் கொடுத்தார். மாணவர் மண்டைக்குள் தகவலைத் திணிப்பது பல்கலைக்கழகத்தின் வேலை அல்ல, அவருடைய சொந்த ஆளுமையை வெளியே கொண்டுவருவதுதான் வேலை என்பது அதன் சாரம். இட ஒதுக்கீட்டுத் தலைவர் என்று மட்டும் அவரைச் சுருக்கி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டியதே இல்லை. நாமும் போதுமான அளவு புரட்டச் சொல்லவில்லை.

பிரான்சில் பூர்தியுவும் பாஸ்ரோனும் 1970இல் கல்வி அமைப்பைப் பற்றி எழுதியதும் இதன் பக்கத்தில்தான் வருகிறது. எல்லாரிடமும் இருக்க வேண்டும் என்று கல்விக்கூடம் எதிர்பார்க்கிற பண்பாட்டு மூலதனத்தை அது யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. வீட்டில் கிடைத்தவனுக்கு உண்டு, கிடைக்காதவனுக்கு இல்லை. கடைசியில் இருந்தவனை 'திறமைசாலி' என்றும் இல்லாதவனை 'மண்டு' என்றும் முத்திரை குத்துகிறது. பூர்தியு சொன்னது வர்க்கத்தை வைத்து. நம்ம ஊரில் அதோடு சாதியையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். கணக்கு சரியாக வரும்.

3

நான் கணிதம் படித்தவன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அது எந்தக் கல்லூரியாகவும் இருக்கலாம்.

அங்கே ஒரு பேராசிரியர். கணக்கில் பெரிய ஆள், அதில் சந்தேகமில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவார், முதுகு எங்களுக்கு. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மூன்று படி தாண்டிவிடுவார். கேட்டால் 'இட் ஈஸ் ஆப்வியஸ்' என்பார். யாருக்கு ஆப்வியஸ்? முன் பெஞ்சுக்கு. டியூஷனில் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்த பையன்களுக்கு. 'புரியுதா?' என்று கேட்பார். முதல் இரண்டு பெஞ்சு 'எஸ் சார்' என்னும். வகுப்பு முடிந்தது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் 'வகையிடல்', 'தொகையிடல்' என்று படித்துவிட்டு வந்தவன், அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு இதுதான் அர்த்தம் என்று கண்டுபிடிக்கவே ஒரு செமஸ்டர் போய்விடும். தெரிந்த கணக்கையே தெரியாது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எங்களில் எத்தனை பேர்! ஒரு நாள், ஒரே ஒரு நாள், இரண்டு மொழிச் சொல்லையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டிருந்தால் போதும். அதைச் செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

பாடம் நடக்கும்போதே அட்டெண்டர் சீட்டோடு வருவார். 'எஸ்சி எஸ்டி ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எந்திரிங்க.' எழுந்து நிற்போம். ஒட்டுமொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே சாதிப் பட்டியல் இப்படிப் பகிரங்கமாக வாசிக்கப்பட்டுவிடும். இன்னொருத்தர் பேர் கேட்பார், அப்புறம் ஊர் கேட்பார். 'ஊருல எந்தப் பக்கம்? ஊருக்குள்ளயா, காலனியா?' அந்தக் கேள்விக்கும் கால்குலஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. இன்டர்னல் மார்க் அவர் கையில்.

என்னோடு படித்த தோழன் ஒருவன், அப்பா செங்கல் சூளையில் கல் அறுப்பவர். இரண்டாம் வருஷம் அரியர் ஏறி, மூன்றாம் வருஷம் வரவில்லை. இன்றைக்கு டைல்ஸ் ஒட்டுகிறான். அறைக்குள் நுழைந்து கண்ணாலேயே மூலைக்கு மூலை அளந்து, எத்தனை கல், எங்கே வெட்டு, எவ்வளவு சேதாரம் என்று மனசிலேயே போட்டுச் சொல்கிறான். பிசகுவதில்லை. இவனுக்கா கணக்கு வராது? இவனுக்குக் கணக்கு சொல்லித்தர அந்தக் கல்லூரிக்கு வரவில்லை. ஆனால் மார்க் ஷீட்டில் 'ஃபெயில்' என்று இவன் பேருக்கு எதிரில்தான் அடித்தார்கள். கல்லூரி பேருக்கு எதிரில் அடிக்கவில்லை.

4

'இதெல்லாம் உன் சொந்த மனக்குறை' என்று தள்ளிவிடுவார்கள் என்று தெரியும். சரி, பதிவில் இருப்பதைப் பார்ப்போம்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று விசாரிக்க சுக்தேவ் தோரட் தலைமையில் குழு போட்டார்கள். 2007இல் அறிக்கை வந்தது. விசாரிக்கப்பட்ட தலித், பழங்குடி மாணவர்களில் சுமார் 69 விழுக்காட்டினர் ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்றார்கள். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் சாதியைத் தோண்டுகிறார்கள் என்றார்கள். நாட்டின் முதல் மருத்துவக் கல்லூரியின் லட்சணம் இது.

2008 பிப்ரவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேலம் மாவட்டத்துத் தோழர் செந்தில்குமார் இறந்தார். பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்திலிருந்து இயற்பியல் ஆய்வுக்குப் போனவர். அவருக்கு ஆய்வு வழிகாட்டியே ஒதுக்கப்படவில்லை என்பது பிறகு வெளியே வந்தது. வழிகாட்டி இல்லாத ஆய்வு மாணவர்! பாதை காட்ட ஆள் வைக்காமல் காட்டுக்குள் அனுப்பிவிட்டு, வழி தவறினான் என்று எழுதிக்கொள்வது. எட்டு வருஷம் கழித்து, 2016 ஜனவரியில், அதே பல்கலைக்கழகம் ரோகித் வெமுலாவையும் இழந்தது.

ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2016இல் அப்துல் நாஃபே குழு சேர்க்கைத் தேர்வைப் பரிசீலித்தது. எழுத்துத் தேர்வில் வாங்குகிற மதிப்பெண்ணுக்கும் வாய்மொழித் தேர்வில் போடுகிற மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளி சமூகப் பிரிவுக்குத் தகுந்தபடி மாறுகிறது என்று கண்டு, வாய்மொழித் தேர்வின் பங்கை 30லிருந்து 15 ஆகக் குறைக்கச் சொன்னது. அதே 2016இல் யூஜிசி கொண்டுவந்த விதி என்ன செய்தது? எழுத்துத் தேர்வை வெறும் வாசற்படி ஆக்கியது. நேர்முகம்தான் முழுத் தேர்வு என்றது. 2017 மார்ச்சில் சேலத்துத் தோழர் முத்துக்கிருஷ்ணன் டெல்லியில் இறந்தார். சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்பதைப் பற்றித்தான் அவர் கடைசியாக எழுதினார். 2018இல்தான் எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று மாற்றினார்கள்.

2021 ஏப்ரலில் ஐஐடி கரக்பூர் வகுப்பு ஒன்றின் காணொளி வெளியே வந்தது. தலித், பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்றே நடத்தப்படும் ஆயத்த வகுப்பு அது. அதை நடத்திய பேராசிரியர், எதிரில் இருந்த பிள்ளைகளை நாக்கூசும் வார்த்தைகளில் திட்டினார். காணொளி பரவிய பிறகு இடைநீக்கம் செய்தார்கள். கவனியுங்கள்: மற்றவர்களைவிட அதிகக் கவனத்தோடு கற்பிக்க வேண்டிய வகுப்பு என்று அந்த நிறுவனமே பிரித்து வைத்த வகுப்பு. அதற்கு அனுப்பிய ஆள் இப்படி. காணொளி இல்லாத வகுப்புகளில் என்ன நடக்கிறது?

எய்ம்ஸ், ஹைதராபாத், டெல்லி, கரக்பூர். நாலு இடத்திலும் பாடம் தெரியாத வாத்தியார் யாரும் இல்லை. பாடம் நன்றாகத் தெரியும். எதிரில் இருப்பவர் மனுசர் என்பதும், அவருக்குச் சொல்லித்தருவது தன் வேலை என்பதும் தெரியவில்லை.

5

அப்படியானால் பயிற்சியே இல்லையா? இருக்கிறது. அதன் கதையையும் கேளுங்கள்.

1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு 1987லிருந்து யூஜிசி 'அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்' என்று பல்கலைக்கழகங்களில் ஆரம்பித்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வாரம், பழையவர்களுக்கு மூன்று வாரம். பிறகு 'மனிதவள மேம்பாட்டு மையம்' என்று போர்டை மாற்றினார்கள். 2023இல் மறுபடியும் போர்டு மாறியது. இப்போது 'மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம்'. இதெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு, பதவி உயர்வுக்கு வேண்டிய சான்றிதழுக்காகப் போவது. முதல் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்னால் அல்ல. சேர்ந்து நாலைந்து வருஷம் கழித்துப் போகிறவர்களும் உண்டு. அதற்குள் நாலைந்து செட் பிள்ளைகள் வெளியே போயிருப்பார்கள், பட்டத்தோடோ அரியரோடோ. போய்வந்த நண்பர்களிடம் 'என்ன சொல்லிக்கொடுத்தாங்க?' என்று கேட்டால் 'சாப்பாடு நல்லா இருந்துச்சு தோழர்' என்கிறார்கள்.

2019இல் புதிய ஆசிரியர்களுக்கு ஒரு மாதப் பயிற்சித் திட்டத்துக்கு யூஜிசி கையேடு போட்டது. அதற்குப் பெயர் 'குரு தக்ஷதா'. பெயரைப் பாருங்கள். தட்சிணைக்கும் தக்ஷதாவுக்கும் ஓர் எழுத்துதான் இடைவெளி. கட்டை விரல் ஞாபகம் நமக்கு வருகிறது, வைத்தவர்களுக்கு வரவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு அரசியல் சட்டத்தின்படி வேலை பார்க்கிற ஒருவர் எதற்குக் குரு ஆக வேண்டும்? ஆசிரியர் என்ற சொல்லுக்கு என்ன கேடு?

மாளவியா யார்? காசி இந்துப் பல்கலைக்கழகம் கண்டவர், சரி. 1932இல் இரட்டை வாக்குரிமையை நம்மிடமிருந்து பறித்த பூனா ஒப்பந்தத்தில் சாதி இந்துக்கள் தரப்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். தலித் மாணவருக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று வாத்தியார் கற்றுக்கொள்ளப் போகிற இடத்துக்கு அவர் பெயர். மாளவியா மிஷன் பயிற்சிக்கு எட்டுத் தலைப்புகள். இந்திய அறிவு மரபு ஒன்று, தகவல் தொழில்நுட்பம் ஒன்று, நிர்வாகத் தலைமை ஒன்று. எட்டில் ஒன்றாக, 'மாணவர் பன்மையும் உள்ளடக்கிய கல்வியும்' என்றும் ஒன்று இருக்கிறது. பன்மை! எவ்வளவு அழகான சொல். சாதி என்ற இரண்டெழுத்தைச் சொல்லாமல் தப்பிக்க எத்தனை எழுத்து செலவழிக்கிறார்கள்.

2022 பிஎச்.டி. விதிகளில் ஒரு வரி உண்டு. ஆய்வு மாணவர் எல்லாரும் தம் பாடத்தைக் கற்பிப்பதிலும் பயிற்சி பெற வேண்டும், வாரம் 4 முதல் 6 மணி நேரம் பயிற்சி வகுப்பு, ஆய்வகம், திருத்துதல் போன்ற வேலை கொடுக்கலாம் என்று. காகிதத்தில் நல்ல வரி. தோழர்களிடம் கேட்டால் வழிகாட்டி வராத நாளில் அவர் வகுப்பை எடுப்பது, அவர் திருத்த வேண்டிய பேப்பரைத் திருத்துவது என்று சொல்கிறார்கள். பயிற்சி தர வேண்டியவருக்கே பயிற்சி இல்லை. யார் யாருக்குக் கற்றுத்தருவது?

நம் மாநிலத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை உடன் படித்த பையன்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, பள்ளி ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தைத் திருத்தச் சொல்கிறது. வரவேற்போம், நிறைவேற்று என்று கேட்போம். கல்லூரிக்கு வந்தால் சிக்கல் வேறு மாதிரி: அங்கே திருத்துவதற்கு ஒரு பாடத்திட்டமே கிடையாது.

6

இனி நம் பக்கத்துத் தோழர்கள் கேட்கிற கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது.

'சாதி வெறியைப் பயிற்சி கொடுத்துப் போக்க முடியுமா?' முடியாது. நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மனசு மாறும்வரை காத்திருக்க நமக்கு நேரமில்லை. வங்கியில் என் பக்கத்து மேசைக்காரர் மனசுக்குள் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் சேரி ஆயா வந்து நின்றால் அவர் வரிசைப்படி பணத்தை எண்ணிக் கையில் கொடுத்தாக வேண்டும். மேலிருந்து போட மாட்டார். விதி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. மனசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கை ஒழுங்காக இருக்கட்டும். வகுப்பறைக்கும் அந்தக் கை ஒழுக்கம் வேண்டும்.

'பயிற்சி வேண்டும் என்று கேட்டால், அதையே இன்னொரு தடுப்புச் சுவர் ஆக்கிவிடுவார்களே?' இது நியாயமான பயம். இடஒதுக்கீட்டு இடங்களில் 'தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை' என்று எழுதி, காலியாகவே வைத்திருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடங்களைப் பொதுவுக்கு மாற்ற வழி சொன்ன யூஜிசி வரைவு 2023 டிசம்பரில் வெளியே வந்து, எதிர்ப்பு எழுந்த பிறகுதான் பின்வாங்கினார்கள். புதுசாக ஒரு சான்றிதழ் கேட்டால் முதலில் வெளியே நிற்கப்போவது நம் பிள்ளைகள்தான். அதனால்தான் சொல்கிறேன்: பயிற்சி வேலையில் சேர்ந்த பிறகு, சம்பளத்தோடு, தனி வகுப்பு எடுப்பதற்கு முன்னால். வேலைக்கு நுழைவுத் தேர்வாக அல்ல, வகுப்புக்கு நுழைவு நிபந்தனையாக. இந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுத்தால் கோரிக்கையே நமக்கு எதிராகத் திரும்பும்.

'நம்ம ஆளுக வாத்தியாரா வந்தா தானா சரியாகிடாதா?' நம் ஆட்கள் வர வேண்டும். எல்லா இடமும் நிரம்ப வேண்டும். அதில் ஒரு அங்குலமும் விட முடியாது. ஆனால் நாம் எந்த வகுப்பறையில் படித்தோமோ அந்த முறையைத்தான் நாமும் எடுத்துக்கொண்டு போகிறோம். முதுகைக் காட்டிக்கொண்டு 'ஆப்வியஸ்' சொல்வது பிறப்பினால் மட்டும் வருவது அல்ல, பழக்கத்தினாலும் வரும். ஒடுக்கப்பட்டவனுக்குள் ஒடுக்குகிறவன் குடியேறிவிடுவதைப் பற்றி பாவ்லோ ஃப்ரேய்ரே எழுதி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் வாத்தியாருக்கும் பயிற்சி வேண்டும். நம் வாத்தியார் பயிற்சி கொடுக்கிறவராகவும் வேண்டும்.

கௌரவ விரிவுரையாளர் என்று ஒரு இனத்தை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அரசுக் கல்லூரிகளில் வகுப்பு நடப்பதே அவர்களால்தான். வருஷத்தில் 11 மாதச் சம்பளம். கௌரவம் பெயரில் மட்டும். அடுத்த வருஷம் வேலை உண்டா என்று தெரியாதவரிடம் 'புதுமையாகக் கற்பி' என்று உபதேசம் செய்வது அயோக்கியத்தனம். அவர்களை நிரந்தரமாக்கு, பயிற்சிக் காலத்துக்கும் சம்பளம் கொடு. பிறகு தரம் பேசு.

இங்கிலாந்தில் 1997இல் டியரிங் குழு, புதிதாகச் சேரும் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தகுதிகாண் பருவத்தை முடிக்க, கற்பித்தலில் அங்கீகாரம் பெற வேண்டும் என்று சொன்னது. வெள்ளைக்காரனைப் பார்த்துப் பரீட்சையைக் காப்பியடித்தவர்கள் இதை மட்டும் ஏன் காப்பியடிக்கவில்லை?

7

ஆகவே நாம் கேட்பது:

ஒன்று. கல்லூரி, பல்கலைக்கழகத்தில் சேரும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் முதல் பருவம் முழுக்கச் சம்பளத்தோடு கற்பித்தல் பயிற்சி. மூத்தவர் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், இவர் வகுப்பில் மூத்தவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் இது உண்டு, துறைத் தலைவர் உள்பட.

இரண்டு. வகுப்பறையில் சாதி என்பது கட்டாயப் பாடம். பன்மை, உள்ளடக்கம் என்று மழுப்பாமல் அந்தப் பெயரிலேயே. தோரட் அறிக்கையும் நாஃபே அறிக்கையும் பாடநூலாக வேண்டும். நடத்துகிறவர்களில் தலித், பழங்குடி ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் இருக்க வேண்டும், உரிய ஊதியத்தோடு.

மூன்று. தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு இங்கிலீஷ் புத்தகத்தை எப்படித் திறந்துகொடுப்பது என்பதைத் தனித் திறமையாகக் கற்றுத்தர வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் இருமொழிச் சொற்பட்டியல் முதல் நாளே மாணவர் கையில் இருக்க வேண்டும்.

நாலு. இன்டர்னல் மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும். திருத்திய தாள் மாணவர் கைக்கு வர வேண்டும். வாய்மொழித் தேர்வில் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும். ஆய்வு வழிகாட்டியைக் குறித்த கெடுவுக்குள் எழுத்தில் ஒதுக்க வேண்டும்.

ஐந்து. வகுப்பில் வைத்துச் சாதி கேட்பது, சாதிப் பட்டியல் வாசிப்பது, உதவித்தொகைக்கு எழுந்து நிற்கச் சொல்வது எல்லாம் ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம்.

ஆறு. பெயர் தெரியாமல் மாணவர்கள் ஆசிரியரின் கற்பித்தலை மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீட்டின் பேரில் கல்லூரி என்ன செய்தது என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

இதில் ஒன்றுகூடச் சந்திர மண்டலத்திலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. சாக்பீஸ் செலவைவிடக் கொஞ்சம் அதிகம் ஆகும், அவ்வளவுதான்.

8

கற்பிப்பதை ஒரு கலையாக, ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்ட மரபு நம்முடையது என்பதையும் மறக்க வேண்டாம். 1848இல் பூனாவில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய சாவித்ரிபாய் பூலே, கற்பிப்பதற்கென்று பயிற்சி எடுத்துக்கொண்டவர். யாருக்கு எழுத்து மறுக்கப்பட்டதோ அவர்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர், எப்படிச் சொல்வது என்று முதலில் கற்றுக்கொண்டு போனார். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அம்பேத்கர் பேராசிரியரானார். ஆசிரியர் அறையின் குடிநீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். அவருடைய வகுப்பைக் கேட்கவோ வேறு கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். பானையைக் காத்தவர்கள் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. 1945இல் மக்கள் கல்விக் கழகம், 1946இல் சித்தார்த்தா கல்லூரி என்று அவர் கட்டிக்கொண்டே போனார்.

மாணவத் தோழர்களே, தகுதி என்ற சொல்லைக் காட்டி உங்களைத் தலைகுனிய வைப்பார்கள். குனிய வேண்டியதில்லை. நீங்கள் பிளஸ் டூ எழுதி, கட்டணம் கட்டி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, முறைப்படி கற்க வந்தவர்கள். எதிரில் நிற்பவர்தான் கற்பிக்கக் கற்காமல் வந்தவர். ஆகவே கேளுங்கள். மரியாதையாக, எழுந்து நின்று, ஒருத்தராக அல்ல, பத்துப் பேராகக் கேளுங்கள்: 'சார், இந்தப் பாடத்தை எங்களுக்கு எப்படிச் சொல்லித்தரணும்னு நீங்க எங்க படிச்சீங்க?'

பதில் வராது. அந்த மௌனத்தைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். கோரிக்கை மனுவுக்கு முதல் இணைப்பு அதுதான்.